பழுதும் தழும்பும்

பழைய பொருள்களிடத்து மக்கள் கொள்ளும் மனப்பான்மை இருவகைப்படும். பழையது என்ற ஒரே காரணத்தால் ஒரு பொருளைக் கைகூப்பித் தொழுவோர் ஒரு சாரார். பழையது என்ற அதே காரணத்தால் அதனைக் குப்பையில் எறிவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் தம்மை ஒருவர்க்கொருவர் நேர்மாறானவர் என்று கருதிக்கொள்கின்றனர். ஆராய்ந்து பார்த்தால் இவர்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. ஏனெனில், இருவரும் அப்பொருளைத் திறந்து பார்ப்பதில்லை. தொழுகிறவர், திறந்தால் தீட்டாகிவிடும் என்று அஞ்சுகிறார். எறிகிறவர், திறக்கும் பொழுதும் வீண் என்று எண்ணுகிறார். உள்ளே எது அழுகியிருக்கிறது, எது இன்னும் பல்லாண்டு நிற்கும் என்பதை அறியாமலே ஒருவர் வணங்குகிறார், மற்றவர் வீசுகிறார்.

இக்கருத்தை நான் நூல்களிலிருந்து பெறவில்லை. பழைய வானொலிப் பெட்டிகளைத் திறந்து பழுது பார்ப்பதிலிருந்தே பெற்றேன். தஞ்சோங் பகாரில் அடுக்குமாடி வீடொன்றின் சிறிய அறையே என் தொழிற்கூடம். வால்வு என்னும் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு இயங்கிய பெட்டிகளே அங்கு வருகின்றன. அவற்றைக் கொண்டுவருவோர் கேட்பவை மூன்று. வெளித்தோற்றம் சிறிதும் மாறலாகாது. பெட்டி மீண்டும் பேச வேண்டும். பேசும்போது எவர் உயிருக்கும் ஊறு நேரலாகாது. இம்மூன்றும் ஒன்றோடொன்று எளிதில் இணங்குவன அல்ல. அவற்றை இணங்கச் செய்வதே இத்தொழிலின் அருமை.

இப்பெட்டிகள் நம்மிடையே வந்த வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் நன்று. சென்னையில் 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர்கள் வானொலிக் கழகம் ஒன்றை நிறுவி ஒலிபரப்பத் தொடங்கினர். பணமுடையால் 1927-இல் அது நின்றது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930 முதல் தானே ஒலிபரப்பை நடத்திற்று. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16-இல் திருச்சி நிலையமும் தோன்றின. சிங்கப்பூரிலோ, 1937 மார்ச் 1-இல் கால்டிகாட் குன்றிலிருந்து பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் தன் பணியைத் தொடங்கிற்று. 1940-இல் அதனை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. போர் முடிந்த பின், 1946 ஏப்ரல் 1-இல் ரேடியோ மலாயா பிறந்தது.

இவையன்றிக் கடல்கடந்து வந்த ஒலியும் உண்டு. வானின் மேலடுக்கில் மோதித் திரும்பும் இயல்புடையது சிற்றலை. ஆதலின் அது ஆயிரக்கணக்கான மைல்களைத் தாண்டி வரும். ஹாலந்து நாட்டின் ஐந்தோவன் நகரத்துப் பிலிப்ஸ் தொழிற்சாலையார், கீழைத் தீவுகளில் வாழ்ந்த டச்சுக்காரர் கேட்கும்பொருட்டு 1927-இலேயே சிற்றலையில் ஒலிபரப்பினர். லண்டன் பி.பி.சி. 1932 டிசம்பரில் தன் பேரரசுச் சேவையைத் தொடங்கிற்று. 1941 மே மாதத்தில் அதன் தமிழ் ஒலிபரப்பும் எழுந்தது. ஆகவேதான் இப்பகுதியில் விற்பனையான பெட்டிகளிற் பெரும்பாலானவற்றில் சிற்றலைப் பகுதி தவறாமல் அமைந்திருக்கும்.

பெட்டியின் விலை அந்நாளில் உழைப்பாளி எட்டக்கூடியதன்று. எனினும், ஒருவர் வாங்கினால் ஒரு தெருவே கேட்டது. தேநீர்க்கடைப் பலகையின்மேல் வீற்றிருந்த பெட்டியின் முன்னே கப்பலில் மூட்டை சுமந்தவரும் நின்றார். கணக்கெழுதிய கிராணியும் நின்றார். 1948-இல் அவசரகாலம் தொடங்கிய பின் மலாயாவின் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுமக்கள் கூடிக் கேட்கும் பெட்டிகள் வைக்கப்பட்டன. அவற்றை வைத்ததில் அரசாங்கத்துக்குத் தன்னோக்கம் இருந்தது மெய்யே. ஆயினும், ஒரே கிணற்றில் நீரெடுக்க ஒப்பாதவர்களும் ஒரே குரலைக் கேட்க ஓரிடத்தில் நின்றார்கள். பேசுகிறவன் எந்தச் சாதி என்று குரலைக் கொண்டு கூற இயலவில்லை. ஒலி மேலே பட்டால் குளிக்க வேண்டும் என்று விதி செய்யவும் எவருக்கும் துணிவு வரவில்லை. வானொலி நமக்குச் செய்த நன்மைகளுள் பாட்டும் செய்தியும் போலவே இதுவும் எண்ணத்தக்கது.

இனி, எண்பது ஆண்டு கழிந்த ஒரு பெட்டியினுள் என்ன நேர்ந்திருக்கும் என்பதைக் காண்போம். வெளியே மரம் பளபளக்கும், பித்தளை மின்னும். பின்பலகையைக் கழற்றினால்தான் உண்மை விளங்கும். அக்காலத்துக் கம்பிகளுக்கு ரப்பர் உறை போட்டிருந்தார்கள். அது காய்ந்து, தொட்ட மாத்திரத்தில் பொடியாய் உதிர்ந்து, கம்பி நிர்வாணமாய் நிற்கும். மின்னைத் தடுத்து அளவோடு விடும் சிறு உறுப்புகள், குறித்த அளவினின்றும் விலகியிருக்கும். இவை யாவற்றினும் கொடியது கண்டென்சர் எனப்படும் உறுப்பின் கசிவு. மெழுகூட்டிய தாளையும் மெல்லிய உலோகத் தகட்டையும் சேர்த்துச் சுருட்டிக் குழாயிலிட்டு அதனைச் செய்தனர். நம் நாட்டு ஈரக்காற்று ஆண்டுதோறும் சிறிது சிறிதாய் அத்தாளினுள் புகுந்துவிடும்.

கடைசி வால்வுக்கும் அதற்கு முந்திய வால்வுக்கும் இடையே இத்தகைய கண்டென்சர் ஒன்று நிற்கும். ஒலியலையை மட்டும் அப்பால் விட்டு, உயர்ந்த மின்னழுத்தத்தைத் தடுப்பதே அதன் கடமை. அது கசியத் தொடங்கினால், கடைசி வால்வு அளவுக்கு மீறி மின்னை இழுக்கும். வால்வு சிவந்து காயும். ஒலிபெருக்கிக்கு முன்னுள்ள மின்மாற்றி எரியும். இவ்வளவும் நிகழும்போது பெட்டி பாடிக்கொண்டேயிருக்கும்! கேட்பவர், “ஆகா, பழைய பெட்டி இன்னும் பாடுகிறதே!” என்று மகிழ்ந்திருப்பார். உட்கேடு முற்றிய பிறகே புகை வரும்.

மின்மாற்றி இல்லாமல் நேரே வீட்டு மின்சாரத்தில் இயங்கிய மலிவுப் பெட்டிகளும் உண்டு. அவற்றில் உள்ளிருக்கும் இரும்புச் சட்டமே மின்கம்பியோடு இணைந்திருக்கும். குமிழைப் பிடித்து நிறுத்தும் சிறு திருகாணியின் மேல் மெழுகை அடைத்து, கை படாதவாறு காத்தனர். அந்த மெழுகு உதிர்ந்துவிட்டால், நிலையம் திருப்பப்போன குழந்தையின் விரலில் 230 வோல்ட் பாயும். பழமையைத் தொழுகிறவர்களுக்கு இச்செய்தியை நான் முதலிற் சொல்வது வழக்கம்.

இக்கேடுகளை நீக்குவது எங்ஙனம்? முதல் விதி, பல்லாண்டு உறங்கிய பெட்டியை எடுத்தவுடன் மின்சாரத்தில் செருகலாகாது. நான் ஒரு பழைய இழை விளக்கைப் பெட்டிக்கு முன்னே தொடராக இணைப்பேன். விளக்கு முழுவொளியுடன் எரிந்தால் உள்ளே எங்கோ கேடு என்பது பொருள். மங்கி நின்றால் மேற்செல்லலாம். பின்னர், கசியும் கண்டென்சர்களைக் கழற்றுவேன். அவற்றின் இடத்தில் புதியவற்றை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பர் சிலர். அங்ஙனம் செய்தால், பழுப்பும் கறுப்புமான பழைய உறுப்புகளிடையே மஞ்சளும் நீலமுமாய்ப் புதியவை பல்லிளிக்கும். ஆகவே, பழைய குழாயை இளஞ்சூட்டில் வைத்து, உள்ளிருக்கும் தாருருண்டையை மெல்ல வெளியே தள்ளி, வெறுங்குழாயில் புதிய சிறு கண்டென்சரை வைத்து, இருமுனையையும் உருக்கிய மெழுகால் அடைப்பேன். வெளியே பழைய எழுத்து; உள்ளே புதிய உயிர். ஒன்றுக்கு அரைமணி நேரம் பிடிக்கும். ஒரு பெட்டியில் பத்துப் பதினைந்து இருக்கும். கம்பிகளுக்கு நூலுறை போர்த்த புதுக்கம்பி இன்றும் கிடைக்கிறது. மின்மாற்றியுள்ள பெட்டியானால் சட்டத்தை நிலத்தோடு இணைக்கும் மூன்றாவது கம்பியும், காப்பு உருகியும் புதிதாய்ச் சேர்ப்பேன். இவ்விரண்டும் அக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் இல்லாதவை. எனினும் இவற்றை விடுவதற்கில்லை.

வெளித்தோற்றத்தைக் காப்பதோ, பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் கலை. அமெரிக்காவில் வாழ்ந்த பேக்லண்டு என்னும் பெல்ஜிய அறிஞர் 1907-இல் கண்டுபிடித்த பேக்லைட்டினால் செய்த பெட்டியை உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் அதன் கதை முடிந்தது. மேலுள்ள வழுவழுப்பான படலம் போய், உள்ளே கலந்துள்ள மரத்தூள் வெளிப்பட்டு, என்றும் மங்கலாகவே நிற்கும். மென்துணியும் பொறுமையுமே அதற்கு மருந்து. மரப்பெட்டியில் பழைய மெருகைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுவண்ணம் பூசுவோர், முகம் கழுவுகிறோம் என்று தோலை உரிப்பவர்களே. கிழிந்த ஒலிபெருக்கிக் காகிதத்தை மெல்லிய தாளும் நீர்த்த பசையும் கொண்டு ஒட்டினாற் போதும். நிலையங்காட்டும் கண்ணாடியின் பின்புறத்து எழுத்துகளின்மேல் ஈரத்துணி படவே கூடாது. ஒருமுறை துடைத்தால் கொழும்பும் டில்லியும் துணியோடு வந்துவிடும். அக்கண்ணாடியில் பத்தாவியா என்ற பெயரைக் கண்ட ஓரன்பர், அது இப்போது ஜகார்த்தா ஆயிற்றே, மாற்றி எழுதித் தாருங்கள் என்றார். பெட்டிக்கு அகவை வந்தால் உலகப்படம் பழையதாவது இயல்பு. அதனைத் திருத்துவது நம் வேலையன்று என்று கூறி அனுப்பினேன்.

இம்முறைக்கு மாறான ஒரு நாகரிகமும் இப்போது பரவியுள்ளது. பெட்டியின் உள்ளுறுப்பு முழுவதையும் பிடுங்கிக் குப்பையிலிட்டு, அந்தக் கூட்டுக்குள் கைப்பேசியிலிருந்து ஒலி வாங்கும் புளூடூத் கருவியொன்றை வைத்துவிடுகிறார்கள். வெளியே 1938, உள்ளே நேற்றைய சந்தைச் சரக்கு. அது பாடுகிறது, ஊறும் இல்லை, தோற்றமும் மாறவில்லை. பின் என்ன குறை என்று கேட்பார்கள். குறை இதுதான்: அது இப்போது வானொலியன்று, வானொலியின் முகமூடி.

நான் வாழும் தஞ்சோங் பகார் இக்கேள்வியைத் தெருவளவில் எதிர்கொண்ட ஊர். மலாய் மொழியில் இப்பெயருக்கு வேலி நட்ட முனை என்பது பொருள். 1864-இல் இங்குத் தோன்றிய கப்பல்துறைக் கம்பெனியில் உழைக்கத் தமிழர் பலர் வந்தனர். 1932-இல் திறந்த ரயில் நிலையத்தில், மலாயாத் தோட்டங்களிலிருந்து வண்டியேறி வந்த நம்மவர் எத்தனையோ பேர் துணிமூட்டையோடு இறங்கினர். 1980-களில் இங்குள்ள பழைய கடைவீடுகளை இடிப்பதா, காப்பதா என்ற வினா எழுந்தது. அவற்றைக் காப்பதென முடிவாகி, 1989-இல் தஞ்சோங் பகாரும், குட்டி இந்தியாவும், கம்போங் கிளாமும் பாதுகாப்புக்குரிய பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. கூடுமானவரை இருப்பதைக் காத்தல், உணர்ந்து புதுப்பித்தல், கருத்தோடு பழுது நீக்கல் என்பனவே அங்குக் கொண்ட மூன்று நெறிகள். 2011-இல் ரயில் ஓட்டம் நின்றது. நிலையக் கட்டடமோ அவ்வாண்டிலேயே தேசிய நினைவுச் சின்னமாயிற்று. அதன் முகப்பில் உழவு, தொழில், வாணிகம், போக்குவரத்து என்பவற்றைக் குறிக்கும் நான்கு உருவங்கள் இன்றும் நிற்கின்றன.

உலக அறிஞர்களும் இதைப்பற்றி எண்ணியுள்ளனர். 1964-இல் இத்தாலியின் வெனிஸ் நகரிற் கூடிய கட்டடக் கலைஞர்கள் ஓர் உடன்பாடு வகுத்தனர். இழந்த பகுதிக்குப் பதிலாக வைப்பது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும். ஆனால், இது புதிது என்று பிரித்தறியவும் கூடியதாயிருக்க வேண்டும். இல்லையேல் வரலாறு பொய்யாகும் என்பது அதன் சாரம். இவ்விதியை அறிந்தபோது, பழைய குழாயில் புதிய கண்டென்சரை ஒளித்து வைக்கும் என் முறையே எனக்கு ஐயத்துக்கிடமாயிற்று. இசைவு இருக்கிறது, பிரித்தறியும் வழி இல்லையே! அன்றுமுதல் ஒவ்வொரு பெட்டியினுள்ளும் ஒரு தாளை ஒட்டுகிறேன். எந்த உறுப்பு மாற்றப்பட்டது, எந்நாளில், எவ்வளவு மதிப்புள்ளது என்பன அதில் இருக்கும். கழற்றியவற்றை ஒரு சிறு பையிலிட்டு உரியவரிடம் சேர்ப்பிப்பேன். ஒளிப்பதும் ஏமாற்றுவதும் ஒன்றாகாதிருக்க, அந்த ஒரு தாள் போதும்.

இவ்வளவு விதிகள் இருந்தும், எந்த விதிக்கும் அடங்காத பெட்டியொன்று என்னிடம் வந்தது. எண்பத்தெட்டு வயதுடைய மூதாட்டி ஒருவர், தம் பேரனைத் தூக்கிவரச் செய்து, 1930-களின் இறுதியிற் செய்யப்பட்ட பிலிப்ஸ் மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய தந்தையார் துறைமுகத்தில் கிராணியாயிருந்தவர். போருக்கு முன் அதனை வாங்கியவர். பேரன் கல்லூரி மாணவர். வந்தவுடனே, “அங்கிள், உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்துவிடுங்கள். பாட்டிக்கு ஒலி 96.8 கேட்டாற் போதும்” என்றார். மூதாட்டி மறுமொழி கூறவில்லை. “முதலில் திறந்து பாருங்கள், தம்பி” என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

திறந்தேன். சிவப்பு வண்ணம் பூசிய வால்வுகள் வரிசையாய் நின்றன. ரப்பர் உறைகள் உதிர்ந்திருந்தன, கண்டென்சர்கள் கசிந்தன, யாவும் எதிர்பார்த்தவையே. ஆனால், சிற்றலைக்குரிய கம்பிச்சுருளின் அருகே ஒரு புதுமை கண்டேன். தொழிற்சாலைக் கம்பி அங்கே வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இருமுனைகளுக்கும் இடையே, அளவுக்கு மீறிய தடிப்புள்ள வேறொரு கம்பித்துண்டு. அதனைப் பிடித்து நின்றன புளியங்கொட்டை பருமனுள்ள இரண்டு ஈயக்கட்டிகள். தொழில் தெரிந்த எவனும் அப்படி ஒட்டமாட்டான். எவனோ அரைகுறை வேலைக்காரன் செய்த பிழை என்றே தோன்றும்.

மூதாட்டியிடம் அதைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் திருத்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பின்பு, “இங்கேதான் நம் காதை அறுத்தார்கள், இங்கேதான் நான் ஒட்டினேன் என்று அப்பா காட்டுவார்” என்றார்.

அதன் பொருள் நம்மவரிற் பலருக்கு இன்று விளங்காது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியர் கையில் வீழ்ந்தது. அவர்தம் ஆட்சியில் சிற்றலையில் அயல்நாட்டுச் செய்தி கேட்பது பெருங்குற்றம். பெட்டிகளைப் பதிவு செய்ய வேண்டும். சிற்றலைப் பகுதியைச் செயலறச் செய்ய வேண்டும். 1943 அக்டோபர் 10-ஆம் நாள், அந்த ஆட்சியின் இராணுவப் போலீசார் சாங்கி சிறைக்குள் புகுந்து சோதனையிட்டனர். முன்மாதத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் வெடித்ததற்குச் சிறையிலிருந்தே துப்புப் போயிற்று என்பது அவர்கள் ஐயம். அங்கே மறைத்து வைத்திருந்த வானொலிக் கருவிகள் அகப்பட்டன. தொடர்ந்து 57 பேர் பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளாயினர். 15 பேர் மாண்டனர். வானொலி கேட்பது அந்நாளில் உயிரோடு விளையாடும் செயல். இதே ஆண்டில்தான், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்ததும், அவர் குரலை வானொலியிற் கேட்டுத் தோட்டத் தமிழர் பலர் திரண்டெழுந்ததும் நிகழ்ந்தன. ஒரே பெட்டி, ஒரு செய்திக்குச் செவியிழந்து, மற்றொரு செய்திக்குச் செவியாய் நின்ற காலம் அது.

அந்தக் கிராணி வீரரல்லர். பெண்டு பிள்ளைகளையுடைய அவர், ஆணையிட்டபடி பெட்டியை எடுத்துச் சென்று கம்பியை வெட்டுவித்துக்கொண்டு, தலைகுனிந்து வீடு திரும்பினார். போர் முடிந்தபின், தொழிலாளியைத் தேடாமல், தாமே எங்கோ கிடைத்த கம்பித்துண்டைக் கொண்டு தம் கையாலேயே ஒட்டினார். ஒரு முழுநாள் பிடித்ததாம். இரவில் லண்டன் குரல் வந்தபோது அவர் அழுதாராம். ஏழெட்டு வயதுச் சிறுமியாய் அருகில் நின்று அதனைக் கண்டவர் இம்மூதாட்டி.

வானொலிகளைத் திரட்டும் நண்பர் ஒருவர் பின்னொருநாள் அப்பெட்டியைக் கண்டார். “அசல் தோற்றம் வேண்டுமென்றால், அந்த அவலட்சணத்தை எடுத்துவிட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே கம்பி கட்டும். விலையும் கூடும்” என்றார். பேரன் யாவற்றையும் எடுக்கச் சொன்னார்; நண்பர் அந்த ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னார். ஆக, இருவர் சொல்லும் அந்தக் கம்பித்துண்டுக்கே எமனாயின.

நான் எண்ணிப் பார்த்தேன். அசல் என்பது யாது? ஐந்தோவன் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த ஒரு நாள் மட்டுமா அப்பெட்டியின் அசல்? அதன்பின் அது ஒரு வீட்டில் கண்ட எண்பது ஆண்டுகள் போலியா? கசியும் கண்டென்சர், உதிர்ந்த ரப்பர் ஆகியவை காலத்தால் நேர்ந்தவை. இந்த ஒட்டும் காலத்தால் நேர்ந்ததே. எனினும் இரண்டும் ஒன்றல்ல. முன்னது இன்றைக்கும் தீங்கு செய்கிறது. ஆளைக் கொல்லவும் கூடும். பின்னது எவருக்கும் தீங்கு செய்யவில்லை. நடந்ததைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. முன்னது பழுது; பின்னது தழும்பு. பழுதை நீக்க வேண்டும், தழும்பை நீக்கலாகாது.

அவ்வாறே செய்தேன். கண்டென்சர்கள் யாவும் உட்புறம் புதியவாயின, கம்பிகள் மாறின, காப்பு உருகி அமைந்தது. கிராணி ஒட்டிய கம்பித்துண்டை அளந்து பார்த்தேன். ஈயப்பற்று உறுதியாகவே இருந்தது. அது உயர்ந்த மின்னழுத்தம் பாயும் இடமன்று. உறை உதிர்ந்திருந்தமையால் சட்டத்தில் பட்டால் ஒலி நிற்குமேயன்றி உயிர்க்கேடு இல்லை. ஆகவே, வேண்டும்போது அவிழ்க்கத்தக்கவாறு மெல்லிய துணிநாடாவை அதன்மேற் சுற்றி, அப்படியே விட்டேன். பேரன் கேட்டதற்கும் வழியிருந்தது. அக்காலத்துப் பெட்டிகளின் பின்னே, இசைத்தட்டுக் கருவியை இணைப்பதற்கென்று இரு துளைகள் உண்டு. அவற்றின் வழியே, இடையில் ஒரு சிறு மின்மாற்றியை வைத்து, கைப்பேசியின் ஒலியைச் செலுத்தலாம். ஒரு புதுத்துளையும் இடவேண்டியதில்லை. இன்று தமிழ் வானொலி பண்பலையில் வருகிறது. பழைய பெட்டிக்குப் பண்பலை எட்டாது. பி.பி.சி.யின் தமிழ் வானொலியும் 2017-இல் ஓய்ந்துவிட்டது. ஆயினும், புதிய குரலை ஏற்கும் வாயிலைப் பழைய பெட்டியே தன்னிடத்து வைத்திருந்தது.

முடிந்த நாளன்று மூதாட்டியை வரவழைத்தேன். முதலில் கைப்பேசி வழியே தமிழ் கேட்டது. அவர் புன்னகை செய்தார். பிறகு சிற்றலைக்குத் திருப்பினேன். இரைச்சலுக்கிடையே சீனத்தில் யாரோ பேசியது எழுந்தும் அமிழ்ந்தும் வந்தது. அவருக்கு அது ஒரு சொல்லும் விளங்காது. எனினும், கையைப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு, “வருகிறது, வருகிறது” என்றார். தந்தையார் ஒட்டிய அந்தக் கம்பியின் வழியாகவே அவ்வொலி வந்ததென்பதை அவர் அறிவார். உள்ளே ஒட்டும் தாளில் என்னென்ன எழுத வேண்டும் என்று கேட்டு, கம்பித்துண்டின் வரலாற்றைத் தம் கையாலேயே எழுதிச் சேர்த்தவர், யாவற்றையும் பிடுங்கச் சொன்ன அதே பேரன்.

இத்தொழில் கற்பித்ததை நம் சமூகத்தின்பாலும் வைத்துப் பார்க்கிறேன். நம்மவரிற் சிலர் முன்னோர் விட்டுச் சென்ற யாவும் புனிதம் என்று, சாதியையும் பெண்ணடிமையையும் மெருகிட்டு வைத்திருக்கின்றனர். கசியும் கண்டென்சரைப் பட்டுத்துணியிற் பொதிந்து வைப்பதற்கு நிகரானது இது. மேலே திருவிழாவும் இசையும் கேட்கும். உள்ளே எவரையோ அது எரித்துக்கொண்டேயிருக்கும். அது பழுது, தாட்சணியமின்றிக் கழற்ற வேண்டியது. வேறு சிலரோ, பாட்டன் கப்பல்துறையில் மூட்டை சுமந்தார், பாட்டி ரப்பர்க் காட்டில் விடியுமுன் பால் வெட்டினாள், லயத்து வீட்டில் பத்துப்பேர் படுத்தோம் என்பதைச் சொல்ல நாணுகின்றனர். பிள்ளைகளுக்கு மறைத்து, தொழிற்சாலையிலிருந்து நேரே வந்தாற்போலக் குடும்ப வரலாற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்குகின்றனர். அது தழும்பு; எவரையும் சுடாதது. அதைத் தேய்த்தெடுத்தால் மிஞ்சுவது வெறுங்கூடு. காக்க வேண்டியதை நாணி மறைக்கிறோம். நாண வேண்டியதை விளக்கேற்றி வைக்கிறோம். இத்தலைகீழ் மாறவேண்டாமா?

ஆதலின், தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரண்மீது பழைய பெட்டியொன்று இருக்கக்கூடும். ஆசைப்பட்டு அதனை உடனே மின்சாரத்தில் செருகாதீர்கள். அறிந்தவர் கையிற் கொடுங்கள். சுரண்டாதீர்கள், கண்ணாடியைத் துடைக்காதீர்கள், உள்ளே ஒட்டியிருக்கும் பழைய சீட்டையும், எவரோ முடிந்த கம்பியையும் குப்பையென்று எறியாதீர்கள். அதை வாங்கியவர் யார், எந்த வேலை செய்து வாங்கினார், எந்தக் குரலைக் கேட்க இரவில் விழித்திருந்தார் என்பதை, சொல்லக்கூடிய முதியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். வால்வு கெட்டால் வேறு வால்வு இன்னும் அகப்படும். அம்முதியவர் போய்விட்டால் அவர் சொல்லக்கூடியதை எக்கடையிலும் வாங்க முடியாது.